பஞ்சகெந்த் முதல் சமர்கண்ட் வரை: 60 கிலோமீட்டரின் கணக்கு

தஜிகிஸ்தானின் பஞ்சகெந்திலிருந்து உஸ்பெகிஸ்தானின் சமர்கண்ட் சுமார் 60 கிலோமீட்டர். ஷேர் டாக்ஸியில் நாலு பேர் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும். அவசரக்காரர் நாலு சீட்டுக்கும் தானே காசு கொடுத்துவிடலாம். எல்லைவரை ஒரு டாக்ஸி, தாண்டியதும் இன்னொன்று, நடுவில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடை. கடிகாரத்தைத் திருத்த வேண்டாம்: இரு நாட்டிலும் ஒரே நேரம், நம்மைவிட அரை மணி பின்.

இந்தக் கணக்கில் மலிவான சரக்கு தூரம்தான். 2010-ல் இந்தச் சாலையின் எல்லையிலுள்ள ஜார்தெபா சோதனைச் சாவடியை மூடினார்கள். திறந்தது 2018 மார்ச்சில். இடைப்பட்ட 8 ஆண்டுகள் பக்கத்து ஊருக்குப் போக வடக்கே மலையேறி, வேறொரு சாவடி வழியாகப் பல நூறு கிலோமீட்டர் சுற்றினார்கள். சமர்கண்டிலும் தஜிக் பேசுபவர்கள் ஏராளம். உறவினர் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் இதே சுற்றுதான். அந்தப் பெட்ரோல் செலவை யாரும் கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இன்று இரு நாட்டுக் குடிமக்களும் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம். நமக்கு உஸ்பெக் இ-விசா: ஒருமுறை நுழைய 20 டாலர், இருமுறைக்கு 35.

பணம் மாற்றுவது தனி அத்தியாயம். 2012-ல் உஸ்பெகிஸ்தானின் மிகப் பெரிய நோட்டே 1,000 சோம். அரசு விகிதம் டாலருக்குச் சுமார் 1,900. 100 டாலர் மாற்றினால் கையில் 190 நோட்டு. கறுப்புச் சந்தையில் போனால் கட்டு இன்னும் தடிமன். ரப்பர் பேண்ட் போட்டுப் பையில்தான் வைக்க வேண்டும். 2017 செப்டம்பரில் அரசு விகிதத்தை ஒரே நாளில் 4,210-லிருந்து 8,100 ஆக்கியது. சோமின் மதிப்பு பாதியானது. கறுப்புச் சந்தைக்கு வேலை போனது. பிறகு டாலர் 12,000 சோமைத் தாண்டியது. 2022-ல் 2 லட்சம் சோம் நோட்டும் வந்துவிட்டதால், 100 டாலருக்கு ஆறேழு தாள் போதும். பன்னிரண்டு லட்சத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவீர்கள், ஹோட்டல் பில் வரும்வரை.

நகரத்துக்குள் ரெகிஸ்தான் சதுக்கம். மூன்று மதரசாக்கள்: சமர்கண்டை ஆண்ட உலுக் பெக் கட்டியது 1417–1420, ஷெர்தோர் 1619–1636, தில்லாகாரி 1646–1660. முதல் கல்லுக்கும் கடைசிக் கல்லுக்கும் நடுவே 243 ஆண்டுகள். பார்ப்பவர்களோ ஒரே ஆள் ஒரே மூச்சில் கட்டியதாக நினைத்துப் படம் எடுக்கிறார்கள். முதலாவதில் சுமார் 50 அறைகள், 100-க்கும் மேல் மாணவர்கள்.

என்னைக் கேட்டால், சதுக்கத்துக்கு ஒரு மணி நேரம் குறைத்து உலுக் பெக்கின் வானாய்வகத்துக்குக் கூட்டுங்கள். 1908-ல் தொல்லியலாளர் வியாத்கின் அங்கே தோண்டியெடுத்த, வானத்தை அளக்கும் கல் வில்லின் ஆரம் சுமார் 40 மீட்டர். மண்ணுக்குள் சரிந்து இறங்கும் அடிப்பகுதி மட்டுமே மிச்சம். தொலைநோக்கி இல்லாத காலத்தில் இங்கே 1,018 விண்மீன்களைப் பட்டியலிட்டார்கள். ஆண்டின் நீளத்தில் அவர்கள் கணக்கு பிசகியது ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

தாஷ்கண்டிலிருந்து அஃப்ரோசியாப் ரயிலில் வந்தால் 344 கிலோமீட்டர், சுமார் 2 மணி 10 நிமிடம். சமர்கண்டில் தங்கி, பகலில் பஞ்சகெந்த் போய்த் திரும்ப நினைப்பவர் 20 டாலர் விசாவோடு கிளம்பிவிடக் கூடாது. திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. 35 டாலர் விசாவை ஊரிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். தஜிக் விசாச் செலவு தனி.