கட்டைகளும் கமகமும்



பழைய நாடக நடிகர்களைப் பற்றிப் பேசும்போது, "ஐந்து கட்டைச் சுருதியில் பாடுவார்" என்று பெரியோர் வியந்துரைப்பர். அக்கட்டை யாது? ஆர்மோனியத்தில் விரல் படும் கட்டையே அது. ஐந்தாம் வெள்ளைக் கட்டையை ஆதார சட்சமாகக் கொண்டு பாடுவதையே அவ்வாறு கூறினர். ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம் நம் பாடகரின் குரலை அளக்கும் கோலாயிற்று. கிட்டப்பாவின் பாட்டுக்கு அவர் சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்ததை நாடக ரசிகர் மறவார்.

ஆயினும் 1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி அதனை விலக்கியது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் கட்டைகளில் பிறவாது என்பதே முதன்மையான குறை. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது.

அக்காலத்திலேயே இங்கிலாந்தில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. ராக் இசையில் கித்தாரே தலைமை வகித்தது. 1960களின் இறுதியில் தோன்றிய 'புரோகிரசிவ் ராக்' குழுக்களில் கட்டை வாத்தியக்காரரும் அதற்கு நிகராக முன்வந்தார். கீத் எமர்சன், ரிக் வேக்மன் ஆகியோர் பல வாத்தியங்களைச் சுற்றிலும் அமைத்து வாசித்தனர். முசோர்க்ஸ்கி என்னும் ருஷ்ய மேதை பியானோவுக்கு எழுதிய நெடும் படைப்பொன்றை எமர்சனின் குழு 1971இல் இசைத்தட்டாக வெளியிட்டது. 1970இல் வந்த மினிமூக் என்னும் மின் வாத்தியத்தில், இடக்கையால் சுழற்றும் சிறு சக்கரம் ஒன்று சுரத்தை வளைத்துக் கொடுத்தது. கட்டைக்கு இல்லை என்ற குழைவு அவ்விதம் கைகூடிற்று.

விரல் வேகத்தைக் காட்டுவதே இவர்கள் தொழில் என்று பழித்தோரும் உண்டு. வேகம் மட்டும் கலையாகாது என்பது மெய்யே. நீண்ட இசைக்கோவையின் பல பகுதிகளையும் ஒன்றாக இணைத்துத் தாங்கியதே அவர்களின் உண்மைப் பணி.

பல்லாண்டுகளுக்கு முன் பதுளைப் பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் ஆசிரியனாயிருந்தேன். மார்கழி பஜனையில் கேட்டதை வாசித்துப் பார்க்க, லயத்துச் சிறுவன் ஒருவன் பாடசாலை ஆர்மோனியத்தைக் கேட்டான். "முதலில் கணக்கில் தேறு" என்று பெட்டியைப் பூட்டினேன். அவன் மீண்டும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு பாடசாலைக்கும் வரவில்லை.

வாத்தியத்தின் குறையை ஒரு சக்கரம் தீர்த்தது. என் குறைக்கு நான் கண்ட பரிகாரம் ஒன்றே: இன்று நான் அதிபராயுள்ள பாடசாலையில் ஆர்மோனியப் பெட்டிக்குப் பூட்டு இல்லை.