நான்கு வரிக் கையொப்பம்

வேலையில் சேர்ந்த புதிதில், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் எனக்கு எழுதும் மின்னஞ்சல்கள் அப்பாவின் பெயரில்தான் தொடங்கும். நம் பெயருக்குப் பின்னால் வருவது தந்தை பெயர் என்பது அவர்களுக்குத் தெரியாது; குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் திருத்தக் கூச்சமாக இருக்கும். அப்பா தவறிய பிறகு, அது வலிக்கவும் தொடங்கியது.

தீர்வு மின்னஞ்சலின் அடியிலேயே இருந்தது. ஜிமெயிலின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘சிக்னேச்சர்’ பெட்டி உண்டு. புதிய மடலுக்கு ஒன்று, பதில் மடலுக்கு ஒன்று என வைத்துக்கொள்ளலாம்.

முதல் முயற்சியில் கோட்டை விட்டேன். பெயர், எண், நிறுவனச் சின்னம் எல்லாவற்றையும் ஒரே படமாக்கி ஒட்டிவிட்டேன். பல அலுவலகங்களின் மின்னஞ்சலில் படங்கள் தாமாகத் திறப்பதில்லை. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம்தான் தெரிந்திருக்கிறது.

இப்போது எல்லாமே எழுத்து. முதல் வரியில் தடித்த எழுத்தில் என் பெயர். பக்கத்தில் சாதாரண எழுத்தில் அப்பா பெயர். இரண்டாவதில் பதவி, நிறுவனம். மூன்றாவதில் +60 சேர்த்துத் தொலைபேசி எண். நான்காவதில், என்னை எந்தப் பெயர் சொல்லி அழைக்கலாம் என்ற குறிப்பு. எனக்கே ஒரு மடல் அனுப்பி, கைப்பேசியிலும் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டேன். கைப்பேசிச் செயலிக்குத் தனிக் கையொப்பம் என்பதால் அங்கேயும் அதையே பதித்தேன்.

மறுவாரம் வந்த மடல் என் பெயரில் தொடங்கியது. அப்பா தமக்குரிய இடத்தில், என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறார்.