உங்களுக்குத் தெரியுமா? நாய்க்கு 102 டிகிரி காய்ச்சலே இல்லை!

நமக்கு 102 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவோம். நாய்க்கும் பூனைக்கும் அது சாதாரண நாளின் சூடு. ஏறக்குறைய 100.5 முதல் 102.5 வரை அவற்றுக்கு இயல்பு. காதைத் தொட்டுப் பார்த்து, மூக்கு காய்ந்திருக்கிறது என்று சொல்லிக் காய்ச்சலை முடிவு செய்ய முடியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் துளி தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதுதான் கணக்கு. செல்லத்துக்கென்று தனியாக ஒன்று வாங்கி, அதில் பெயர் எழுதி வைப்பது குடும்ப அமைதிக்கு நல்லது.

*

'உடம்பு சூடா இருக்கு, பாவம்' என்று யாரோ கொடுக்கும் பாரசிட்டமால்தான் பல பூனைகளுக்கு எமன். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒன்று போதும், உயிர் போய்விடும். அதை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு கிடையாது. சில மணி நேரத்தில் ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து மருத்துவரிடம் உண்டு. போகும்போது மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

*

சாமி படத்திலிருந்து கழற்றிப் போட்ட மல்லிகைச் சரம். பூ வாடிவிட்டது, நூல் வாடவில்லை. பூனை அதை உருட்டும், கவ்வும், மெல்லும். அதன் நாக்கில் உள்ள முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன நூலைத் துப்புவது சிரமம், உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலில் இறங்கினால், பாவாடை நாடாவை இழுத்ததும் துணி சுருங்குமே, அப்படிக் குடல் சுருங்கும். வாயிலோ பின்பக்கமோ நூல் எட்டிப் பார்த்தால் நம் கை சும்மா இருக்காது. தயவுசெய்து இழுக்காதீர்கள். இறுகிய நூல் குடலை அறுத்துவிடும். நூலை அப்படியே விட்டுவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

*

திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. எந்தப் பொருளால் என்பதுதான் புதிராக இருந்தது. 2021-ல் அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தின் மீது சந்தேகத்தைத் திருப்பினார்கள். அடுத்த ஆண்டு வெளியான கட்டுரையில், புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களும் இடம்பெற்றன. ஆம், நம்ம புளிதான். அதிலும் அதே அமிலம் நிறைய. பாயசத்தில் முந்திரி திராட்சை, கோயில் பிரசாதத்தில் புளியோதரை! கொடுப்பவர் மனசு தங்கம்தான், ஆனால் நாயின் சிறுநீரகம் மனசைப் பார்ப்பதில்லை.

வெங்காயம், பூண்டு? சிவப்பணுக்களை உடைக்கும். பூனைக்கு இன்னும் மோசம். வாடிக்கையாகச் சாம்பார் சாதம் வைக்கிறவர்கள் கவனிக்க: சோர்வும் வெளுப்பும் உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும்.

*

ஆண் பூனை மலத்தொட்டியில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, எதுவும் வரவில்லை. மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் தேடுவோர் உண்டு. அது சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகும். ஓரிரு நாள்தான் அவகாசம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத நோய் இது.

*

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போல நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய், சாப்பிட்டபின் வாந்தி எடுக்க முயன்றும் நுரையைத் தவிர ஒன்றும் வராமல் தவித்தால், வயிறும் உப்பினால், இரைப்பை தன்னைத்தானே முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். ஓமத் தண்ணீர் இதற்கு உதவாது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும்.

*

நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான். மற்றதெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதில்தான் தணிய வேண்டும். சப்பை மூக்குப் பக் நாய்க்கு அதுவும் சரியாக வராது. கத்திரி வெயிலில் தள்ளாடி விழுந்த நாயை அவசரமாக வண்டியில் ஏற்றுவதற்கு முன் உடம்பைக் குளிரவையுங்கள்: குழாய்த் தண்ணீரை மேலே ஊற்றி, மின்விசிறியைப் போடுங்கள். ஈரத் துண்டால் போர்த்தி விட்டுவிடக் கூடாது. துண்டு சூடேறி வெப்பத்தை உள்ளேயே நிறுத்திவிடும். சூடு 103.5-க்கு இறங்கியதும் நிறுத்திக்கொள்ளலாம். பூனை வாயைத் திறந்து இளைத்தால் வெயில் இல்லாத நாளிலும் ஆபத்துதான்.

*

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுக்கும் நம் வழக்கம் நாயிடம் வந்தால் விரல் போகும். வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள். நாற்காலி, மேசையை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் அவசரம்.

*

பாம்பு கடித்த நாய்க்கும் மனிதனுக்குப் போடும் அதே பாம்பு முறிவு மருந்தைத்தான் போடுகிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது அது. அந்த விஷத்தைச் சேகரித்துத் தருவதில் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. மருந்தின் அளவு உள்ளே இறங்கிய விஷத்தைப் பொறுத்தது, கடிபட்ட உடம்பின் எடையைப் பொறுத்ததல்ல. சின்ன நாய்தானே, கொஞ்சம் போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது. கடிவாயைக் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் சினிமாவோடு போகட்டும்.

*

1987-ல் நியூயார்க் மருத்துவர்கள் இருவர், மாடியிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. இதைச் சொல்லிப் பால்கனிக்கு வலை போடாமல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விழுந்த இடத்திலேயே செத்த பூனைகள் அந்த மருத்துவமனைக்கு வரவில்லை.

*

நாய்க்கான உண்ணிச் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால், அது பூனைக்கு நரம்பு விஷம். மிச்சமிருக்கிறதே என்று பூனையின் கழுத்தில் விடாதீர்கள். மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுப்பதும் ஆபத்து.

*

இன்றைக்கே, நாய் நலமாக இருக்கும்போது, உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்க வேண்டும். நேரம் எடுத்தால் ரத்த ஓட்டம் தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஈறு வெள்ளையாகவோ நீலமாகவோ தெரிந்தால் காத்திருக்க நேரமில்லை. சில நாய்களுக்கு ஈறே கறுப்புதான். அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.

*

அடிபட்ட நாய், வளர்த்த கையையும் கடிக்கும். துப்பட்டாவால் மூக்கின் மேல் ஒரு சுற்று, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் இன்னொரு முடிச்சு. வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் இது கூடாது. பூனைக்குக் கூடை கிடைக்காவிட்டால், தலையணை உறைக்குள் விட்டு வாயைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிடலாம்; துணி வழியே அதற்குக் காற்று வரும்.