மார்புப் பட்டையும் ஒரு ஃபெரைட் குச்சியும்

ஓட்டக்காரர்களும் சைக்கிள் பந்தயக்காரர்களும் மார்பைச் சுற்றி ஒரு பட்டை கட்டியிருப்பதைப் பார்த்திருக்கலாம். இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டை, மணிக்கட்டில் உள்ள கடிகாரத்துக்குக் கம்பியில்லாமல் செய்தி அனுப்புகிறது. கடிகாரம் இல்லாமலும் அந்தச் செய்தியைப் பிடிக்கலாம். அதற்கான ரிசீவரை வீட்டிலேயே செய்துவிட முடியும். அதன் முக்கியமான பாகம் பல வீட்டுப் பரண்களில் கிடக்கிறது: ஒரு காலத்தில் 1197 கிலோஹெர்ட்ஸில் திருநெல்வேலி வானொலியை ஒலிக்கச் செய்த டிரான்சிஸ்டர் பெட்டிக்குள் இருக்கும் கறுப்பு ஃபெரைட் குச்சி.

பட்டை பிறந்த ஊர், ஃபின்லாந்தின் ஔலு நகருக்குப் பக்கத்திலுள்ள கெம்பெலே. செப்போ சைனாயாகங்காஸ் என்ற மின்னணுவியல் பேராசிரியர் 1977-இல் அங்கே போலார் எலக்ட்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். உடலில் அணிந்துகொள்ளும் கம்பியில்லா இதயத் துடிப்பு மானி 1982-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே அமெரிக்காவில் நார்மன் ஹோல்டர் இதயத்தின் மின்னலைகளை ரேடியோ வழியே அனுப்பிக் காட்டியிருந்தார். அந்தக் கருவியை முதுகில் சுமக்க வேண்டும். எடை ஏறத்தாழ 38 கிலோ. அதைக் கட்டிக்கொண்டு யாரும் பந்தயம் ஓட முடியாது.

பட்டையின் உட்பக்கத்தில் இரண்டு மின்முனைகள் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். இதயம் சுருங்கும்போது மார்புத் தோலில் ஒரு மில்லிவோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் எழுந்து அடங்குகிறது. ஈ.சி.ஜி. தாளில் ஊசிபோல் உயர்ந்து நிற்கும் கோடு அதுதான். அந்த உச்சத்தைக் கண்டதும் பட்டைக்குள் இருக்கும் சிறு காயிலில் சில மில்லி விநாடிகளுக்கு மட்டும் மின்னோட்டம் அதிர்கிறது. அதிர்வெண் சுமார் 5.3 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 5,300 முறை. ஒரு துடிப்புக்கு ஓர் அதிர்வு, பிறகு மௌனம், அடுத்த துடிப்புக்கு மறுபடி ஓர் அதிர்வு. வேறு எந்தத் தகவலும் இல்லை.

இந்த அதிர்வெண்ணுக்குரிய அலைநீளம் ஏறத்தாழ 56 கிலோமீட்டர். தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே உள்ள தூரம் கிட்டத்தட்ட அதுதான். அவ்வளவு நீளமான அலையை விரலளவுக் காயிலால் ரேடியோ அலையாக வெளியே வீச முடியாது. பட்டையைச் சுற்றி எழுவது அருகிலேயே தங்கிவிடும் காந்தப்புலம். தூரம் இரு மடங்கானால் அதன் வலிமை எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதனால்தான் ஒரு மீட்டருக்கு அப்பால் பட்டையின் குரல் எடுபடுவதில்லை. இதைக் குறையாகச் சொல்வார்கள். ஆனால் மார்புக்கும் மணிக்கட்டுக்கும் இடையே அதற்கு மேல் தூரம் எதற்கு?

ரிசீவரின் அடிப்படை ஒரு காயிலும் ஒரு கெபாசிட்டரும்தான். ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு விசையிலும் உயரப் போவதைப் போல, இந்த இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு அதிர்வெண்ணுக்கு மட்டும் பெரிதாக ஆடும். 33 மில்லிஹென்றி காயிலுக்கு இணையாக 27 நானோஃபாரட் கெபாசிட்டரை வைத்தால் கணக்கு 5.33 கிலோஹெர்ட்ஸில் வந்து நிற்கிறது. ரேடியோக் குச்சியில் ஏற்கெனவே சுற்றியிருக்கும் மீடியம் வேவ் காயில் இதற்குப் போதாது. அதைப் பிரித்துவிட்டு, மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் மெல்லிய எனாமல் செம்புக் கம்பியால் பல நூறு சுற்றுகள் சுற்ற வேண்டும். பொறுமையான வேலை, ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் கெட்டுவிடாது. கெபாசிட்டரைக் கொஞ்சம் மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம்.

5.3 கிலோஹெர்ட்ஸ் மனிதக் காதுக்குக் கேட்கும் ஒலி எல்லைக்குள் இருப்பது பெரிய வசதி. காயிலின் இரு முனைகளையும் ஒரு சிறிய ஆடியோ ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால், பட்டை கட்டியவரின் ஒவ்வொரு இதயத் துடிப்பும் ஸ்பீக்கரில் 'டிக்' என்று கேட்கும். எந்தப் புரோகிராமும் வேண்டாம். எண்ணாகப் பார்க்க விரும்பினால் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. TL072 போன்ற ஆப்-ஆம்ப் ஐ.சி.யில் இரண்டு கட்டமாகப் பெருக்கி, ஒரு டயோடால் அதிர்வை ஒரே மேடாக மாற்றி, ஒரு கம்பேரட்டர் வழியாக ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகைக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு டிக்குகளுக்கு நடுவே 800 மில்லி விநாடி என்றால், 60,000-ஐ 800-ஆல் வகுக்க, நிமிடத்துக்கு 75 துடிப்பு. குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவும் வேண்டும். பட்டையின் காயிலுக்கு இணையாக இருந்தால் ஒலி ஓங்கும், செங்குத்தாக நின்றால் அடங்கிவிடும். காந்தப்புலத்துக்குத் திசை உண்டு என்பதைப் பாடப்புத்தகப் படம் இவ்வளவு நன்றாகச் சொல்வதில்லை.

சிக்கல் இரைச்சலில் வருகிறது. மொபைல் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, ஓடும் மிக்ஸி எல்லாம் இந்த அதிர்வெண் பகுதியில் கரகரக்கும். ஆகவே ரிசீவருக்கு 9 வோல்ட் பேட்டரிதான் நல்லது. கரண்ட் போன நேரத்தில் சோதித்தால் இன்னும் நல்லது. மின்னலும் உள்ளே நுழையும். மின்னல் வெளியிடும் ரேடியோ ஆற்றல் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் மிக அதிகம். ஐப்பசி இடிமழை நாளில், பட்டையே கட்டாதவருக்கும் இந்த ரிசீவர் துடிப்பு காட்டும்.

பட்டையோடு அருவியில் நின்றால் என்ன ஆகும் என்று பார்க்கக் குற்றாலத்துக்குப் போவோம். இன்றைய பட்டைகள் பெரும்பாலும் புளூடூத்தில் பேசுகின்றன. அது 2.4 கிகாஹெர்ட்ஸ்; உடலும் தண்ணீரும் அதை விழுங்கிவிடும். பேரருவிக்கு அடியில் நிற்பவரின் புளூடூத் பட்டையை நம்ப முடியாது. 5.3 கிலோஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு அருவி நீர் ஒரு தடையே இல்லை. மின்முனைகள் ஈரமாக இருந்தால்தான் பட்டை வேலை செய்யும் என்பதால் தண்ணீர் அதற்கு நண்பனும்கூட. ஆனால் குற்றாலத்து வழக்கப்படி எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனால், தோலுக்கும் மின்முனைக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் நின்று தொடர்பைக் கெடுக்கும். கடலில் குளிப்பவருக்கு வேறு தொல்லை: உப்புநீர் இரு மின்முனைகளையும் குறுக்கே இணைத்து இதயத்தின் மின்னழுத்தத்தை மங்கச் செய்துவிடும்.

தாழ்ந்த அதிர்வெண் தண்ணீரில் இறங்கும் என்ற இதே உண்மையை நம்பி இயங்கும் பெரிய நிலையம் ஒன்று தென்காசியிலிருந்து வான்வழியே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990-இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம், கடலுக்குள் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. அதன் கோபுரங்களில் மிக உயரமானவை 471 மீட்டர். இந்தியாவின் மிக உயரமான கட்டமைப்புகள் அவை. 18.2 கிலோஹெர்ட்ஸில் அது அனுப்பும் அலையை உலகெங்கும் வளிமண்டல ஆய்வாளர்கள் பிடித்து, அயனி மண்டலத்தை ஆராயப் பயன்படுத்துகிறார்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: புளூடூத் மட்டும் உள்ள பட்டை இந்த ரிசீவருக்கு உதவாது. போலாரின் பழைய டி31 உதவும். ஜிம்லிங்க் என்ற பெயரில் புதிய எச்9, எச்10 பட்டைகளிலும் 5 கிலோஹெர்ட்ஸ் தொடர்கிறது. பக்கத்தில் ஓடுபவரின் துடிப்போடு கலந்துவிடாமலிருக்கச் சில பட்டைகள் ஒரே துடிப்பைக் குறியிட்டு மூன்று அதிர்வுகளாக அனுப்பும். முதல் டிக் வந்ததும் அடுத்த கால் விநாடிக்கு எதையும் எண்ணாதே என்று ஆர்டுயினோவுக்குச் சொல்லிவிட்டால் கணக்கு சரியாகும். நெஞ்சு வலியையோ துடிப்புக் கோளாறையோ இதைக்கொண்டு எடைபோடக் கூடாது, அதற்கு ஈ.சி.ஜி.யும் மருத்துவரும் வேண்டும்.

பள்ளி மாணவர் ஒருவர் முதன்முதலாகச் செய்யும் ரிசீவராக இதைவிட நல்லதைச் சொல்வது கடினம். செய்து முடித்தவர் 27 நானோஃபாரட் கெபாசிட்டரைக் கழற்றிவிட்டு 2.2 நானோஃபாரட் ஒன்றைப் பொருத்தலாம். காயில் சுற்றுகளுக்கு நடுவே இயல்பாக உள்ள சிறு கெபாசிட்டன்ஸும் சேர, அதே குச்சி 18.2 கிலோஹெர்ட்ஸுக்கு அருகில் போய் நிற்கும். அந்த ஒலி காதுக்கு எட்டுவது கடினம். டயோடுக்குப் பின்னால் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, தென்காசியில் இருப்பவர் குச்சியை விஜயநாராயணம் இருக்கும் தென்கிழக்குத் திசைக்குக் குறுக்காகக் கிடத்திப் பார்க்க வேண்டும்.