41 நாள் விரதம்... பிறகு ஏன் வீடு வீடாகக் கையேந்தணும்? குலசை தசரா சொல்லும் பாடம்

தசரா நெருங்கினாலே நெல்லை, பாளையங்கோட்டை பக்கம் "குலசைக்கு மாலை போட்டிருக்கேன்" என்ற பேச்சு காதில் விழும். உடனே வரும் அடுத்த கேள்வி: "எத்தனை நாள்?" சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான்.

விரதம் எப்படி?

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலுக்கு வேஷம் கட்டுபவர்கள், நேர்ந்துகொண்டபடி 41, 21, 11 நாள் என விரதம் இருப்பார்கள். காளி வேஷம் என்றால் கட்டுப்பாடு இன்னும் அதிகம். கொடியேறி, காப்பு கட்டிய பிறகு வேஷத்தோடு வீடு வீடாக, கடை கடையாகப் போய் காணிக்கை கேட்பார்கள். சேர்ந்த பணம் கோயிலுக்கு.

ஏன் கையேந்தணும்?

கையேந்துபவர் சொந்தக் கடை வைத்திருப்பவராக இருக்கலாம், ஐடி வேலையில் இருப்பவராகவும் இருக்கலாம். ஒருவர் 10 ரூபாய் போடுவார். இன்னொருவர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே "போப்பா" என்பார். கோபப்பட முடியாது. பசியை அடக்க வீட்டுக்குள்ளேயே பழகலாம். 'நான் யார் தெரியுமா?' என்ற நினைப்பை அடக்க, தெருவில் இறங்கித்தான் ஆகணும்.

சூரனும் தவசிதான்!

குலசை தல புராணப்படி, மகிஷாசுரன் முதலில் வரமுனி என்ற முனிவர். தவத்தில் பெரியவன் என்ற செருக்கில், அந்த வழியே வந்த அகத்தியரை அவமதித்தார். எருமைத் தலையோடு அலையச் சாபம் கிடைத்தது. அதன் பிறகும் கடுந்தவம் இருந்து வரங்கள் வாங்கினார். ஆணவம் மட்டும் போகவில்லை. பத்தாம் நாள் இரவு கடற்கரையில் அம்மன் வதம் செய்வது, விரதமே தெரியாத ஒருவனை அல்ல.

நமக்கு என்ன?

41 நாள்காரர் 11 நாள்காரரை இளக்காரமாகப் பார்ப்பது, தினமும் ஸ்டேட்டஸில் நாள் கணக்குப் போடுவது, சுகர் மாத்திரை போடுவதால் பட்டினி கிடக்க முடியாத அம்மாவிடம் "பக்தி பத்தல" என்பது... எல்லாம் வரமுனி வேலைதான்.

இது ஒரு மதத்தின் பிரச்சினை மட்டுமல்ல. வாரத்தில் 2 நாள் உபவாசம் இருப்பதைக் கடவுளிடமே பெருமையாகச் சொன்ன பரிசேயனை, இயேசுவின் உவமையில் பார்க்கலாம். திருக்குறளிலும் 'தவம்' 27-வது அதிகாரம் என்றால், போலித் தவசிகளைச் சாடும் 'கூடாஒழுக்கம்' அடுத்ததாகவே வருகிறது.

திருவிழா முடிந்து, காப்பை அவிழ்த்துவிட்டு, கடையைத் திறக்கிறார் ஒருவர். வாசலில் வந்து கை நீட்டுபவரிடம் அவர் எப்படிப் பேசுகிறார்? 41 நாளும் என்ன செய்தது என்பது அங்கே தெரிந்துவிடும்.