ஜெலெபு மலை மாவட்டம்: குப்பைக்கு ஒரு கதவு, நிலத்துக்கு ஒரு கதவு

சிரம்பானிலிருந்து 86ஆம் எண் சாலையில் புக்கிட் தங்கா வளைவுகளை ஏறி இறங்கினால் ஜெலெபு வந்துவிடும். நெகிரி செம்பிலானின் ஏழு மாவட்டங்களில் மலையும் காடும் மிகுந்த மாவட்டம் இது. மாநிலத்தின் மிக உயரமான குனோங் பெசார் ஹந்து மலை (1,462 மீட்டர்) இங்குதான் உள்ளது. பரப்பளவு சுமார் 1,350 சதுர கிலோமீட்டர். மாநிலத்தின் ஐந்தில் ஒரு பங்கு நிலம் என்றாலும், அதில் வாழும் மக்கள் குறைவு. கோல கிளாவாங், தித்தி, பெர்த்தாங், சிம்பாங் பெர்த்தாங் ஆகியவை எல்லாமே சிறு பட்டணங்கள்தாம்.

தித்திவங்சா மலைத்தொடர் இந்த மாவட்டத்தைச் சிரம்பான் பக்கத்திலிருந்து பிரிக்கிறது. சிரம்பான் பக்கத்து லிங்கி ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கிறது. ஜெலெபுவின் திரியாங் ஆறோ கிழக்கே ஓடி பகாங் ஆற்றில் சேர்கிறது. மலைகள் சூழ்ந்திருப்பதால் இங்கு மழையும் ஒப்பீட்டளவில் குறைவு.

முதலில் ஈயச் சுரங்கம், பிறகு ரப்பர், இப்போது செம்பனை என இம்மாவட்டத்தின் பிழைப்பு மாறி வந்துள்ளது. பால்மரக் காலத்தில் வந்த தமிழ்க் குடும்பங்களில் பல பட்டணங்களுக்கு நகர்ந்துவிட்டன. தோட்டத்தில் தங்கியிருப்போருக்கும் பட்டணத்துக்கு வந்தோருக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. குப்பை அள்ளவில்லை, சாலை உடைந்திருக்கிறது, தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் போவது? ஒரே மாவட்டத்தில் பல அதிகாரங்கள் பங்கு போட்டுக்கொள்வதால், தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு மாதக்கணக்கில் அங்கேயே கிடந்துவிடுகிறது.

உண்டாங்கும் நில அலுவலகமும்

நெகிரி செம்பிலானின் நான்கு உண்டாங்குகளில் ஒருவர் ஜெலெபு உண்டாங். சுங்கை ஊஜோங், ஜொகோல், ரெம்பாவ் உண்டாங்குகளுடன் சேர்ந்து மாநில ஆட்சியாளரான யாங் டி பெர்துவான் பெசாரைத் தேர்ந்தெடுப்பவர் இவர். 1886இல் ஜெலெபு பிரிட்டிஷாருடன் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு அன்றாட நிர்வாகம் அரசு அதிகாரிகள் கைக்கு மாறியது. ஆனாலும் அடாட் பெர்பாத்தே எனும் தாய்வழி மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது.

நிலம் வாங்க நினைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். மரபு நிலம் என்று பத்திரத்தில் குறிக்கப்பட்ட நிலம் அந்தக் குலத்துப் பெண்களின் வழியே செல்வது. மற்றவர்கள் அதை வாங்க முடியாது. மலாய்க்காரர் ஒதுக்கீட்டு நிலத்துக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன் மாவட்ட நில அலுவலகத்தில் பத்திரத்தைச் சரிபார்ப்பது அவசியம். நில வரி, நிலப் பயன்பாட்டு மாற்றம், பட்டா விண்ணப்பம் எல்லாம் இந்த அலுவலகத்தின் வேலை. ஊராட்சி மன்றத்துக்கு இதில் அதிகாரம் இல்லை.

மாவட்ட மன்றம் செய்வது என்ன?

கோல கிளாவாங்கில் இயங்கும் ஜெலெபு மாவட்ட மன்றம் ஊராட்சி அமைப்பாகும். மலேசியாவில் ஊராட்சி மன்றங்கள் மூன்று தரம்: மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றம். சிரம்பான் 2020இல் மாநகர் மன்றமானது. போர்ட்டிக்சனில் இருப்பது நகராண்மைக் கழகம். மக்கள்தொகையும் வருமானமும் குறைந்த கிராமப்புறப் பகுதிகளுக்கு மாவட்ட மன்றமே வாய்க்கிறது.

கடை உரிமம், அங்காடி, சந்தை, பட்டணத்துக் கால்வாய், தெரு விளக்கு, கட்டட வரைபட அனுமதி ஆகியவை மன்றத்தின் பொறுப்பு. இவற்றுக்கான முக்கிய வருமானம் வீட்டு மதிப்பீட்டு வரி. பெரிய கட்டடங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த சிரம்பானோடு ஒப்பிட்டால், காடும் தோட்டமும் நிறைந்த மாவட்டத்தில் இந்த வரி குறைவாகவே கிடைக்கும். ஆனால் பார்க்க வேண்டிய தூரமோ அதிகம். மத்திய அரசின் மானியம் ஓரளவுக்குத்தான் இந்த இடைவெளியை நிரப்புகிறது. மலைப்பகுதி மன்றங்கள் எப்போதும் கையைப் பிசைந்துகொண்டிருப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

குப்பை மட்டும் தனிக் கதை. 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பரில் நெகிரி செம்பிலானில் நடப்புக்கு வந்த பிறகு, வீட்டுக் குப்பை அள்ளும் பணி எஸ்டபிள்யூகோர்ப் எனும் திடக்கழிவு நிர்வாகக் கழகத்தின் மேற்பார்வைக்குச் சென்றது. தண்ணீருக்கு சைன்ஸ் எனப்படும் மாநில நீர் நிறுவனம், மின்சாரத்துக்கு தெனாகா நேஷனல், மாவட்டத்தின் பெரிய சாலைகளுக்குப் பொதுப்பணி இலாகா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு.

தோட்ட வாசலில் நின்றுவிடும் வண்டி

தோட்டம் தனியார் நிலம். அதன் உள் சாலையும் லயத்துக் கால்வாயும் நிர்வாகத்தின் சொத்து. அதனால்தான் மன்றத்தின் வண்டிகள் பெரும்பாலும் தோட்ட வாசலோடு நின்றுவிடுகின்றன.

தோட்டத்துக்குள் பொறுப்பு முதலாளியுடையது. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்பு, அடிப்படை வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், இதைத் தெளிவாகச் சொல்கிறது. முதலாளி தொழிலாளருக்குத் தரும் வீட்டுக்குக் குழாய் நீரும் மின்சாரமும் வேண்டும். வீடு பழுதில்லாமல் பராமரிக்கப்பட வேண்டும். சுற்றுப்புறம் தூய்மையாக இருக்க வேண்டும். 20 எக்டருக்கு மேற்பட்ட தோட்டங்களுக்கென்று இருந்த இந்தச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு மற்ற துறைகளுக்கும் விரிந்தது. இது குறித்த புகாரை விசாரிக்கும் அதிகாரம் மனிதவள அமைச்சின் தொழிலாளர் இலாகாவுக்கே உண்டு.

ஓய்வு பெற்ற பிறகும் அதே லயத்தில் குடியிருப்போரின் நிலைதான் இக்கட்டானது. இந்தச் சட்டம் பேசுவது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள உறவைப் பற்றி. வேலை முடிந்ததும் அந்தப் பிடிமானம் தளர்ந்துவிடுகிறது. அத்தகைய குடும்பங்கள் வீட்டுப் பிரச்சினையை மாவட்ட அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுத்து மூலம் கொண்டுசெல்வதே வழி.

ஓட்டுப் போடாமல் வரும் உறுப்பினர்கள்

மன்ற உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, தலைவரோடு 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசே நியமிக்கிறது. ஒரு தவணை மூன்று ஆண்டுக்கு மேற்படாது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு, ம.இ.கா. தலைவர்களில் ஒருவரான செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. தேர்தல் மீண்டும் வேண்டும் என்று அந்த ஆணையம் 1968இல் பரிந்துரைத்தது. 1971இல் அறிக்கை வெளியானபோது அரசு அதை ஏற்கவில்லை. 1976 சட்டம் ஊராட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

ஜெலெபுவைப் போலவே மலையும் மரபு நிலமும் கொண்ட பிலிப்பீன்ஸின் கோர்டில்லேரா வட்டாரத்தில் நடைமுறை வேறு. படிக்கட்டு வயல்களுக்குப் பெயர்பெற்ற பனாவே போன்ற மலையூர்களில் மக்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மேயரைத் தேர்ந்தெடுக்கின்றனர். 1991ஆம் ஆண்டு அந்நாட்டு ஊராட்சிச் சட்டம் தேசிய வரி வருமானத்தின் ஒரு பங்கை ஊராட்சிகளுக்கு ஒதுக்குகிறது. அதைப் பிரிக்கும்போது மக்கள்தொகைக்குப் பாதி, நிலப்பரப்புக்குக் கால் பங்கு, எல்லாருக்கும் சமமாகக் கால் பங்கு என்பது கணக்கு. ஆள் குறைவாக, நிலம் அதிகமாக உள்ள மலையூருக்கு இது கைகொடுக்கிறது.

மக்கள் கையில் இருப்பவை

ஓட்டு இல்லாவிட்டாலும் 1976 சட்டம் சில உரிமைகளைத் தருகிறது. மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலொழிய, அதன் முழுக்கூட்டத்தில் பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் உட்கார்ந்து பார்க்கலாம். கூட்டக் குறிப்புகளைப் பார்வையிட வரி செலுத்துவோருக்கு உரிமை உண்டு. வீட்டின் மதிப்பு கூடுதலாகக் கணிக்கப்பட்டிருந்தால், மதிப்பீட்டுப் பட்டியல் மறுபரிசீலனைக்குக் குறிக்கப்பட்ட நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பே எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்த நாளைத் தவறவிட்டால் வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும். நிலுவை வைத்தால் பொருளை ஜப்தி செய்யும் அதிகாரமும் மன்றத்துக்கு இருக்கிறது.

தங்கள் சமூகத்தின் நலனை எடுத்துச்சொல்லக் கூடியவர்கள் உறுப்பினர்களாக வரலாம் என்றும் அதே சட்டம் கூறுகிறது. தமிழர்கள் சிதறி வாழும் மலை மாவட்டத்தில் கோயில் நிர்வாகமும் பள்ளிப் பெற்றோர் சங்கமும் பொருத்தமானவர்களின் பெயர்களை நியமனத்துக்கு முன்பே மாநில அரசிடம் கொடுக்கலாம்.

புகார் கொடுப்போர் தேதி, இடம், படம் ஆகியவற்றுடன் எழுதி, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. அடுத்த முறை போகும்போது அந்த நகல்தான் பேசும்.