கண்ணாடிக்குள்ள ஒரு போர்வெல்!

கண்ணாடி கெட்டியான பொருள், தண்ணி உள்ள இறங்காதுன்னுதான் நாம நினைச்சிட்டு இருக்கோம். ஆனா தண்ணியை உறிஞ்சுற கண்ணாடியும் இருக்கு மக்களே! அதன் பெயர் நுண்துளைக் கண்ணாடி.

1930களில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ஹூட், நார்ட்பெர்க் என்ற இருவர் இதைச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். சோடியம் போரோசிலிகேட் கண்ணாடியை 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் நெடுநேரம் வைத்தால், உள்ளே அது இரண்டாகப் பிரியும். ஒன்றில் சிலிக்கா அதிகம், மற்றதில் போரான் ஆக்சைடும் சோடியமும் அதிகம். ஆசிட்டில் ஊறப்போட்டால் இரண்டாவது பகுதி கரைந்து வெளியேறிவிடும். மிஞ்சுவது ஒரு சிலிக்கா ஸ்பாஞ்ச். அதன் துளைகள் சில நானோமீட்டர் அகலம்தான். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர். அதனால இவ்வளவு ஓட்டை இருந்தும் அந்தப் பக்கம் தெரியும்.

இப்போ லேசருக்கு வருவோம். கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் ஒளியை சிலிக்கா மேற்பரப்பிலேயே உறிஞ்சிக்கொள்ளும். பட்ட இடம் சூடாகி, துளைகள் மூடிக்கொள்ளும். ஃபெம்டோசெகண்ட் லேசர் கதையே வேற. அதன் 800 நானோமீட்டர் ஒளியைக் கண்ணாடி சாதாரணமாக உறிஞ்சாது. ஆனால் குவியும் புள்ளியில் மட்டும் ஒளி அவ்வளவு அடர்த்தியாக இருப்பதால், பல ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் உறிஞ்சப்படும். அந்த இடம் மட்டும் உடையும், சுத்தி இருக்கிற கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது. புள்ளியை நகர்த்திக்கொண்டே போனால் கண்ணாடிக்குள் கால்வாய் வெட்டலாம்.

இங்கதான் சிக்கல். ஊர்ல போர் போடும்போது பாத்திருப்பீங்க, கம்ப்ரஸர் காத்து மண்ணை வெளியே தள்ளலேன்னா பிட் மாட்டிக்கும். கெட்டிக் கண்ணாடியிலும் அப்படித்தான்: கொஞ்ச தூரம் போனதும் தூள் அடைத்துக்கொள்ளும். நுண்துளைக் கண்ணாடியைத் தண்ணீரில் மூழ்க வைத்து வெட்டினால், துளைகள் வழியாக எல்லாப் பக்கமும் தண்ணீர் ஊறி வரும். லேசர் சூட்டில் உண்டாகும் குமிழிகள் தூளைக் கால்வாயின் வாய் வழியே வெளியே தள்ளும். 2010ல் ஷாங்காய், ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் இந்த முறையில் வளைந்து வளைந்து போகும் 1.4 சென்டிமீட்டர் நீளக் கால்வாயை வெட்டிக் காட்டினார்கள். விட்டம் சுமார் 64 மைக்ரோமீட்டர்.

சரி, துளைகள் அப்படியே இருந்தா ஊத்துற திரவம் கசிஞ்சிடாதா? கசியும். அதனால் கடைசியில் 1100 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். நுண்துளைகள் மூடி, கண்ணாடி கெட்டியாகும். அப்போ நாம வெட்டின கால்வாயும் மூடிக்காதா? நல்ல கேள்வி. துளையை மூடத் தள்ளுவது பரப்பு இழுவிசை. அது தரும் அழுத்தம் ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். துளை 10 நானோமீட்டர், கால்வாய் 64 மைக்ரோமீட்டர் என்று வைத்தால், துளையின் மேல் அழுத்தம் 6,400 மடங்கு. துளை முந்திக்கொண்டு மூடும், கால்வாய் தப்பிக்கும்!

ஆனா ஒண்ணு, டிசைன் போடுறவங்க கவனிக்கணும்: காலி இடம் போவதால் சாம்பிள் மொத்தமும் சுருங்கும். காலி இடம் 28 சதவீதம் என்றால் மிஞ்சும் கனஅளவு 0.72, அதன் கனமூலம் சுமார் 0.9. அதாவது ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். கால்வாயை முதலிலேயே அந்த அளவுக்குப் பெரிதாக வெட்ட வேண்டும்.

ஒரு சொட்டு ரத்தத்தையே பல சோதனைகளுக்குப் பிரித்து அனுப்பும் சிப்புகளுக்கு இப்படிப்பட்ட கால்வாய்கள்தான் தேவை. ஒட்டு இல்லாத ஒரே துண்டுக் கண்ணாடி என்பதால், ஒட்டின இடத்தில் கசியுமோ என்ற பயமும் இல்லை.